குடும்பத்தில் ஓடும் யூரிக் ஆசிட்: ரிப்போர்ட் கைக்கு வந்தபின் செய்ய வேண்டியவை

ரத்தப் பரிசோதனைத் தாளில் யூரிக் ஆசிட் வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்தில் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி. அதைப் பார்த்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அப்படி என்னத்தைச் சாப்பிட்டே?" என்பதுதான். என் அப்பாவிடமும் அதையே கேட்டார்கள். அவர் மதுவைத் தொட்டதில்லை, இறைச்சியும் எப்போதாவதுதான். 40 வயதில் ஒருநாள் நள்ளிரவில் அவருடைய கால் பெருவிரல் சிவந்து வீங்கியது. போர்வை நுனி பட்டால்கூடத் துடித்துப்போனார். அதன்பிறகு ஒவ்வொரு முறை வலி வந்தபோதும், தான் எதையோ தின்றுவிட்டதாகத் தன்னைத்தானே நொந்துகொண்டார். யூரிக் ஆசிட்டால் வரும் கவுட் என்கிற மூட்டுவலி அது. அவருடைய அண்ணனுக்கும் அதே வலி இருந்தது. ஆனாலும் இது குடும்பத்தோடு வருவது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எனக்கு 34 வயதில் 8.2 வந்தது. வலி எதுவும் இல்லை, எண் மட்டும்தான். அன்று தொடங்கித் தெரிந்துகொண்டவற்றை, இன்று முதன்முதலாக இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவருக்காக வரிசைப்படுத்தித் தருகிறேன். மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் அந்தப் பத்து நிமிடம் வீணாகாது.

முதல் படி: எண்ணைச் சரியாகப் படியுங்கள்

பெரும்பாலான ஆய்வகங்கள் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று தருகின்றன. மைக்ரோமோல் கணக்கில் கொடுத்திருந்தால் 60-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 360 என்றால் ஏறக்குறைய 6.

மனத்தில் இருத்த வேண்டிய எண் 6.8. உடல் வெப்பத்தில் யூரிக் ஆசிட் ரத்தத்தில் கரைந்து நிற்கக்கூடிய எல்லை அது. அதைத் தாண்டினால் ஊசி ஊசியான படிகங்களாக மூட்டுக்குள் படியத் தொடங்கலாம். குளிர்ந்த இடத்தில் கரையும் திறன் இன்னும் குறையும். உடலின் நடுப்பகுதியைவிடக் கால்விரல் குளிர்ந்திருக்கும் என்பதால், பலருக்கு முதல் வலி பெருவிரலில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வகத் தாளில் ஆண்களுக்கு 7 வரை, பெண்களுக்கு 6 வரை என்று ஏறத்தாழ ஓர் எல்லை அச்சிட்டிருப்பார்கள். அது மக்களிடம் அளந்து பார்த்து வகுத்தது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். 6.8 வேதியியல் தரும் எண். அது ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறாது. இரண்டும் ஒத்துப்போகாதபோது நான் 6.8-ஐத்தான் பார்க்கிறேன்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். முந்தைய நாள் மது, நீண்ட பட்டினி, கடும் உடற்பயிற்சி, போதிய தண்ணீர் குடிக்காமை எல்லாமே எண்ணைத் தூக்கிவிடும். சில வாரம் கழித்து, வழக்கமான சாப்பாடு, வழக்கமான தூக்கத்தோடு இருக்கும் ஒரு நாளில் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயத்தை நாங்கள் அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மூட்டு வீங்கி வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் அளவு தற்காலிகமாக இறங்கி, இயல்பாகவே தெரியலாம். அப்பாவுக்கு முதல் தடவை வந்தபோது ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "அளவு சரியாக இருக்கிறது, சுளுக்குதான்" என்று கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். உண்மை தெரிய மூன்று ஆண்டுகள் ஆயின. வலி அடங்கி 2 வாரமாவது கழித்து இன்னொரு முறை எடுத்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

இரண்டாம் படி: இது எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால்தான் பிறகு தேவையில்லாத பயமும் பத்தியமும் வந்து சேர்கின்றன.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு குழாய்கள், கீழே இரண்டு வடிகால்கள். நம் உடலின் செல்கள் சிதைந்து புதுப்பிக்கப்படும்போது அவற்றின் மரபுப் பொருளில் உள்ள பியூரின் உடைந்து யூரிக் ஆசிட் ஆகிறது. இது முதல் குழாய். தொட்டிக்கு வருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதன் வழியாகத்தான். உணவிலிருந்து வரும் பியூரின் இரண்டாவது குழாய், மீதி ஒரு பங்கு. வெளியேறுவதில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகவும், மீதி குடல் வழியாகவும் போகிறது.

மற்ற பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு யூரிகேஸ் என்றொரு நொதி உண்டு. யூரிக் ஆசிட்டை அது இன்னும் எளிதாகக் கரையும் பொருளாக மாற்றிவிடும். மனிதனும் பெருங்குரங்குகளும் தோன்றிய மரபுக்கிளையில் அந்த நொதியைச் செய்யும் மரபணு ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பழுதாகிவிட்டது. ஆகவே மனிதர் எல்லோருமே எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறோம். அதில் சிலர் பிறக்கும்போதே இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கிறார்கள்.

அந்தச் சிலரிடம் என்ன வேறுபாடு? பெரும்பாலும் வடிகாலில்தான். சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை வடிகட்டிவிட்டு, வடிகட்டியதில் 90 விழுக்காட்டைத் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. இந்த இழுக்கும் வேலையைச் செய்யும் யூராட்1 என்ற புரதத்தை 2002-ல் கண்டுபிடித்தார்கள். எஸ்எல்சி2ஏ9 என்ற மரபணு செய்யும் இன்னொரு புரதமும் இதே வேலையில் பெரும் பங்கு வகிக்கிறது. எதிர்ப்பக்கத்தில், குடலிலும் சிறுநீரகத்திலும் யூரிக் ஆசிட்டை வெளியே தள்ளும் பம்பு ஒன்று இருக்கிறது. ஏபிசிஜி2 என்ற மரபணுவின் வேலை அது. அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் பம்பின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. இப்படி உள்ளே இழுப்பது சற்றுக் கூடினாலும் வெளியே தள்ளுவது சற்றுக் குறைந்தாலும், சாப்பாட்டில் எந்தத் தப்பும் இல்லாமலே தொட்டி நிரம்பிவிடும். யூரிக் ஆசிட் கூடியவர்களில் 10 பேருக்கு 9 பேர் அதிகம் உற்பத்தி செய்பவர்கள் அல்லர், குறைவாக வெளியேற்றுபவர்கள்.

இந்த மூன்று மரபணுக்களோடு கதை முடியவில்லை. 4.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்து 2019-ல் வெளியான ஆய்வு, யூரிக் ஆசிட் அளவோடு தொடர்புள்ள 183 இடங்களை மரபுத்தொகுதியில் அடையாளம் காட்டியது. ஒவ்வொன்றும் சிறுகச் சிறுகச் சேர்க்கிறது. அதனால்தான் ஒரே வீட்டில் பிறந்தவர்களில் அண்ணனுக்கு 9, தம்பிக்கு 5.5 என்று இருக்க முடிகிறது.

2018-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆளுக்கு ஆள் யூரிக் ஆசிட் வேறுபடுவதில் ஏறக்குறைய கால் பங்கைப் பொதுவான மரபணு வேறுபாடுகளே விளக்கின. எந்த உணவுமுறையும் 0.3 விழுக்காட்டுக்கு மேல் விளக்கவில்லை. முதல் தடவை இதைப் படித்தபோது அப்பாவின் முகம்தான் என் கண்முன் வந்தது. அத்தனை ஆண்டுகள் அவர் சுமந்த குற்றவுணர்ச்சிக்கு எந்த ஆதாரமும் இருந்ததில்லை.

அதே ஆய்வைக் காட்டி, "சாப்பாட்டில் ஒன்றுமில்லை, எது வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்பவர்களும் உண்டு. அது தப்பான முடிவு. ஊர் முழுக்க மக்கள் ஏன் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள் என்பது ஒரு கேள்வி. நீங்கள் ஒருவர் உங்கள் பழக்கத்தை மாற்றினால் உங்கள் எண் நகருமா என்பது வேறு கேள்வி. கண்டிப்பான உணவுக் கட்டுப்பாடு யூரிக் ஆசிட்டைச் சுமார் 1 மில்லிகிராம் குறைக்கும். 7.4-ல் இருப்பவருக்கு அந்த 1 என்பது எல்லைக்கோட்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள தூரம். 10-ல் இருப்பவருக்கு அது போதாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பழக்கம் மட்டும் போதுமா, மருந்தும் வேண்டுமா என்பது முடிவாகும்.

மூன்றாம் படி: குடும்பக் கதையை ஒரு தாளில் எழுதுங்கள்

மரபணுப் பரிசோதனைக்கு ஓடாதீர்கள். இப்போதைக்கு அது உங்கள் சிகிச்சையை மாற்றப்போவதில்லை. மருந்து தொடங்கும்போது சிலருக்குத் தேவைப்படும் ஒரே ஒரு சோதனையைப் பின்னால் சொல்கிறேன். அதைவிட அம்மா, அப்பா, அவர்களுடன் பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி ஆகியோரைப் பற்றி விசாரித்து எழுதிக்கொள்வது பயன் தரும். கால்விரல், பாதம், கணுக்கால், முழங்கால் திடீரென்று வீங்கி ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிய அனுபவம் யாருக்கு? சிறுநீரகக் கல் யாருக்கு? சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொண்டவர் உண்டா? இவை எந்த வயதில் தொடங்கின?

பழைய தலைமுறையினர் இதை 'வாதம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதனால் நோயின் பெயரைக் கேட்காதீர்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள். "ராத்திரி எழுந்து நடக்க முடியாமல் இருந்ததா? எந்த மூட்டு? எத்தனை நாளில் சரியானது?"

சில பதில்கள் வந்தால் மருத்துவரிடம் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். 25 வயதுக்கு முன்பே யாருக்காவது இந்த வலி வந்திருந்தால், குழந்தைப் பருவத்திலேயே யூரிக் ஆசிட் கல் இருந்திருந்தால், அல்லது தலைமுறை தோறும் மூட்டுவலியும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்தே வந்திருந்தால், அது பல சிறு வேறுபாடுகள் சேர்ந்த சாதாரண மரபாக இல்லாமல் ஒற்றை மரபணுக் கோளாறாக இருக்க வாய்ப்புண்டு. யூமோடுலின் என்ற புரதத்தின் மரபணுவில் வரும் மாற்றம் அப்படியொன்று. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர 50 விழுக்காடு வாய்ப்பு. இவை அரிதானவை. ஆனால் இருந்தால் சிறுநீரக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

நான்காம் படி: எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று கணக்கிடுங்கள்

யூரிக் ஆசிட் கூடியவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் என்கிற அந்த மூட்டுவலி வருவதே இல்லை. ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987-ல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், 7-க்குக் கீழே இருந்தவர்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு ஒருவர், 7 முதல் 8.9 வரை இருந்தவர்களில் 1,000 பேருக்கு 5 பேர், 9-ம் அதற்கு மேலும் இருந்தவர்களில் 1,000 பேருக்கு 49 பேர் புதிதாகக் கவுட்டால் பாதிக்கப்பட்டார்கள். 9-ல் கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது பாருங்கள்.

ஆகவே வலி, கல் எதுவும் இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால் பொதுவாக மாத்திரை தொடங்குவதில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பின் 2020 வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. ஆனால் அந்த எண் தனியாக வருவது குறைவு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் கூடவே பார்த்துவிடுங்கள். எனக்கு 8.2 வந்த அன்றுதான் ரத்த அழுத்தமும் கூடியிருப்பது தெரிந்தது. இரண்டில் அவசரமாகக் கவனிக்க வேண்டியதாக இருந்தது ரத்த அழுத்தம்தான்.

ஐந்தாம் படி: மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் சிறுநீர் பெருக்கி மாத்திரைகள், இதயத்துக்காகத் தினமும் சாப்பிடும் குறைந்த அளவு ஆஸ்பிரின், காசநோய்க்கான பைரசினமைடு, உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின் எல்லாம் யூரிக் ஆசிட்டைக் கூட்டும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; இதய ஆஸ்பிரினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். பட்டியலைக் கொண்டுபோய், "இதற்கு மாற்று உண்டா?" என்று கேளுங்கள். ரத்த அழுத்த மருந்துகளில் லோசார்ட்டான் யூரிக் ஆசிட்டைச் சற்றுக் குறைக்கவும் செய்யும். மாற்றத்தக்கவர்களுக்கு அந்த ஒரு மாற்றமே நல்ல பலன் தரும்.

ஆறாம் படி: பழக்கங்களை மாற்றுங்கள், பலன் அதிகம் தருவதிலிருந்து

கையில் கிடைக்கும் 'சாப்பிடக் கூடாதவை' பட்டியல்கள் நீளமானவை. அத்தனையையும் ஒரே நாளில் விட்டவர்கள் இரண்டு வாரத்தில் அத்தனையையும் மறுபடி தொடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கே கை வைத்தால் அதிகம் நகருமோ அங்கே தொடங்குங்கள்.

இனிப்புப் பானங்களை முதலில் நிறுத்துங்கள். இதில் பியூரினே இல்லையே என்று தோன்றும். காரணம் ஃப்ரக்டோஸ். கல்லீரல் இந்தச் சர்க்கரையைக் கட்டுப்பாடே இல்லாமல் வேகமாகக் கையாளும்போது செல்லின் ஆற்றல் மூலக்கூறுகள் மளமளவென்று செலவாகி, அவற்றின் மிச்சம் யூரிக் ஆசிட்டாகிறது. வேறெந்தச் சர்க்கரையும் இப்படிச் செய்வதில்லை. சாதாரண வெள்ளைச் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ்தான், தேனிலும் நிறைய. பாட்டில் பானம் மட்டுமல்ல, பெரிய தம்ளர் நிறையப் பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் சேரும். பழத்தைப் பழமாகவே கடித்துத் தின்றால் நார்ச்சத்தும் இருக்கும், அளவும் தானாகவே அடங்கும். மதுவும் இறைச்சியும் தொடாத வீடுகளில் எண் கூடியிருந்தால் நான் முதலில் கேட்பது இந்தப் பானங்களைப் பற்றித்தான்.

மது அடுத்தது. பீரில் பியூரினும் உண்டு, ஆல்கஹாலும் உண்டு. அதனால் இருபக்கமும் இடி. ஆல்கஹால் யூரிக் ஆசிட் உற்பத்தியைக் கூட்டுவதோடு, அதனால் உண்டாகும் லாக்டிக் ஆசிட் சிறுநீரகம் வெளியேற்றுவதையும் தடுக்கிறது. ஒயின் பரவாயில்லை என்று சொல்வார்கள். நீண்ட காலச் சராசரியில் அதன் தாக்கம் குறைவுதான். ஆனால் ஏற்கெனவே கவுட் உள்ளவருக்கு எந்த மதுவும் அடுத்த வலியைக் கிளப்பிவிடலாம். அவர்களுக்கு என் கருத்து: விட்டுவிடுவதே நல்லது.

உடல் எடை மூன்றாவது. வரிசையில் மூன்றாவதாகச் சொன்னாலும் நீண்ட காலத்தில் பலருக்கு இதுதான் பெரிய நெம்புகோல். எடை கூடும்போது ரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது. இன்சுலின் கூடினால் சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. எடை இறங்கினால் அந்தப் பிடி தளரும். ஆனால் மெதுவாகத்தான் இறங்க வேண்டும். பட்டினி கிடந்தால் கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன்கள் உடலில் கூடி, வெளியேறும் வழியில் யூரிக் ஆசிட்டோடு போட்டி போடும். எண் இறங்குவதற்குப் பதில் ஏறும்; வலியும் வரலாம். மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும் உணவுமுறைகளின் தொடக்க வாரங்களிலும் இதுவே நடக்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோ போதும்.

இறைச்சியும் கடல் உணவும் இதற்கு அடுத்துத்தான். கல்லீரல், சிறுநீரகம், மூளை போன்ற உள்ளுறுப்புகளையும், மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களையும், சிப்பி வகைகளையும் விட்டுவிடலாம். மற்ற இறைச்சியையும் மீனையும் அடியோடு விட வேண்டியதில்லை. அளவையும் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதையும் குறைத்தால் போதும். பலர் கவனிக்காத ஒன்று: இறைச்சியை வேகவைக்கும்போது பியூரின் தண்ணீரில் இறங்கிவிடும். துண்டை ஒதுக்கிவிட்டுச் சூப்பைக் குடிப்பவர் எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதைத்தான் குடிக்கிறார்.

தேவையில்லாமல் விட்டுவிடுபவற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பருப்பு, பயறு, பட்டாணி, காளான், பசலைக்கீரை, காலிஃபிளவர் எல்லாவற்றிலும் பியூரின் உண்டு என்று பட்டியல்களில் இருக்கும். உண்மைதான். ஆனால் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், பியூரின் உள்ள காய்கறிகளைச் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடவில்லை. இறைச்சியும் கடல் உணவும் கூட்டின; கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் குறைத்தன. அப்பா பத்தாண்டுகள் பருப்பைத் தொடாமல் இருந்தார். மரக்கறிப் புரதத்தை விட்டதால் அவர் உடம்பு மெலிந்ததுதான் மிச்சம், வலி குறையவில்லை.

சேர்த்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு. கொழுப்பு குறைந்த பால், தயிர் நல்லவை. காபி குடிப்பவர்களுக்குக் கவுட் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன; பழக்கம் இருந்தால் விட வேண்டாம், இல்லாவிட்டால் மருந்தாக நினைத்துத் தொடங்கவும் வேண்டாம். செர்ரிப் பழம் சாப்பிட்ட நாட்களில் சிலருக்கு வலி வருவது குறைந்திருக்கிறது. அதனால் மாத்திரைக்குப் பதிலாக செர்ரி என்று ஆகாது. வைட்டமின் சி மாத்திரை எண்ணைச் சிறிதளவு இறக்கும், ஆனால் அதிக அளவில் எடுத்தால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்வார்கள். அதிலுள்ள சோடியம் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தீங்கு செய்யும். வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு? சிறுநீர் வெளிர் நிறத்தில் இருக்கும் அளவுக்கு. கல் வந்தவர்கள் நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் கழியும்படி குடிக்க வேண்டும். இதயம் அல்லது சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

உடற்பயிற்சி மிதமாக, ஒழுங்காக. மூச்சுமுட்ட ஓடிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது அன்றைக்கு எண்ணைக் கூட்டும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருபவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் ஆக்சிஜன் குறைவது யூரிக் ஆசிட்டைக் கூட்டக்கூடியது.

ஏழாம் படி: 3 மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்

மாற்றங்களைத் தொடங்கிய தேதியையும் எண்ணையும் எடையையும் எழுதிவைத்து, 3 மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் எடுங்கள். 8.2-ல் இருந்த நான் இனிப்புப் பானங்களை நிறுத்தி, 6 கிலோ குறைத்து, 7.1-க்கு வந்தேன். முயற்சி வீண் போகவில்லை. இருந்தும் கோட்டுக்கு மேலேதான் இருந்தேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சோர்வு பெரிது. மருத்துவர்தான் சொன்னார்: "உங்கள் பங்கு குறைந்துவிட்டது. மீதியைக் கொடுத்தது உங்கள் சிறுநீரகத்தின் மரபு. வலி இல்லாதவரை இப்படியே தொடருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள்." தட்டில் இருப்பதைவிட ரத்தத்தில் இருப்பதை அளப்பது நல்லது என்று அன்றைக்குப் புரிந்தது. எண் இறங்காதபோது இன்னும் ஒரு காயை, இன்னும் ஒரு பருப்பை விலக்கிக்கொண்டே போவதில் பொருளில்லை.

எட்டாம் படி: வலி வந்துவிட்டால்

வழக்கமாக நள்ளிரவில் அல்லது அதிகாலையில் வரும். சில மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். மூட்டுக்கு ஓய்வு கொடுத்து, சற்று உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். தைலம் தேய்த்து உருவாதீர்கள். கோல்ச்சிசின், வீக்கம் குறைக்கும் வலி மாத்திரைகள், ஸ்டீராய்டு என்று மூன்று வழிகள் இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எது உங்களுக்கு என்பதைச் சிறுநீரகம், வயிற்றுப் புண், சர்க்கரை, சாப்பிட்டுவரும் பிற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும். ஒரு முறை வந்தவர்கள், அடுத்த முறைக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலும் குளிர்நடுக்கமும் சேர்ந்து ஒரு மூட்டு வீங்கினால் கவுட் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். மூட்டுக்குள் கிருமித்தொற்று இருந்தாலும் அப்படித்தான் தெரியும். அது சில நாட்களில் மூட்டையே அழித்துவிடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒன்பதாம் படி: தினசரி மாத்திரை எப்போது

ஆண்டுக்கு 2 முறையோ அதற்கு மேலோ வலி வந்தால், தோலுக்கடியில் டோஃபை என்னும் யூரிக் ஆசிட் கட்டிகள் தென்பட்டால், எக்ஸ்ரேயில் கவுட்டால் மூட்டு அரித்திருந்தால் மருந்து தேவை. முதல் வலியாகவே இருந்தாலும் எண் 9-க்கு மேல் இருந்தாலோ, சிறுநீரக நோயோ கல்லோ இருந்தாலோ தொடங்குவது பற்றிப் பேசுவார்கள்.

பெரும்பாலும் 'அலோபியூரினால்' என்ற மாத்திரைதான் முதல் மருந்து. 1966 முதல் பயன்பாட்டில் இருப்பது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாளுக்கு 100 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ தொடங்கி, எண் 6-க்குக் கீழே வரும்வரை சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே அளவை எழுதிக்கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அளந்தே பார்க்காமல் விடுவது நிறைய இடங்களில் நடக்கிறது. அப்பாவுக்கும் அதுதான் நடந்தது. நீங்கள் கேளுங்கள்: "என் இலக்கு என்ன? அடுத்து எப்போது பார்க்க வேண்டும்?"

முதல் சில மாதங்களில் வலி முன்பைவிட அடிக்கடி வரலாம். படிந்த படிகங்கள் கரையத் தொடங்குவதால் வருவது அது. இதை முன்பே தெரிந்துகொள்ளாதவர்கள் "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். இதைத் தடுக்கக் குறைந்த அளவு கோல்ச்சிசின் போன்ற ஒன்றை 3 முதல் 6 மாதம் சேர்த்துத் தருவார்கள். நடுவில் வலி வந்தாலும் தினசரி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மரபு இங்கேயும் ஒரு முறை குறுக்கே வருகிறது. எச்எல்ஏ-பி 58:01 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு அலோபியூரினால் மாத்திரை மிகக் கடுமையான தோல் நோயை உண்டாக்கும். ஹான் சீனர், கொரியர், தாய்லாந்து மக்களிடம் இந்த வகை அதிகம். தென்கிழக்கு ஆசிய வம்சாவளியினருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்கருக்கும் மருந்துக்கு முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறது 2020 வழிகாட்டுதல். நான் முன்னே சொன்ன அந்த ஒரு சோதனை இதுதான். நீங்கள் யாராக இருந்தாலும், மருந்து தொடங்கிய வாரங்களில் தோல் தடிப்பு, வாய்ப்புண், கண் எரிச்சல், காய்ச்சல் வந்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாத்தியோபிரின் என்ற மருந்தைச் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும்.

பத்தாம் படி: உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்

குழந்தைகளுக்கு ஊசி குத்தி அளக்க வேண்டாம்; முன்பு சொன்ன அரிய நோய்களின் சாயல் இருந்தால் மட்டும் போதும். ஆண்களுக்குப் பருவம் எய்தியபின் அளவு கூடும். 30 வயதை ஒட்டி, வேறு எதற்காவது ரத்தம் எடுக்கும்போது இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் யூரிக் ஆசிட்டை வெளியேற்ற உதவுவதால் மாதவிடாய் நிற்கும்வரை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதன்பிறகு அவர்களுக்கும் ஏறும். 'இது ஆண்கள் நோய்' என்று எண்ணி வயதான பெண்களின் வீங்கிய கைவிரலையும் முழங்காலையும் மூட்டுத் தேய்மானம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு 68 வயதில்தான் அளவு பார்த்துப் பார்த்து மருந்து கூட்டினோம். இப்போது 5.4. முழங்கையில் இருந்த கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. தட்டில் பருப்பு திரும்பி வந்திருக்கிறது. தங்கைக்குச் சென்ற மாதம் எடுத்தபோது 5.1 இருந்தது. மாதவிடாய் நின்றபின் மறுபடி பார்க்க வேண்டும் என்று அந்த ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே அவள் எழுதி வைத்திருக்கிறாள்.